அம்மி மேல் தென் துருவம்

தறிநூல் கடை கோமதிநாயகம் ஐஸ் கம்பெனிக்குள் காலை வைக்கும்போதே வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அங்கே தரை என்றைக்கும் காய்ந்ததில்லை. உமியும் ஈரச் சாக்கும் சேர்ந்த ஒரு வாடை வேறு. அவருக்குப் பின்னால், ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடை ஆள் குருசாமி வந்தார். கலைக்களஞ்சியம் ஒன்றின் பன்னிரண்டு தொகுதிகளில் அது ஏழாவது. மற்ற பதினொன்றும் கடையின் கண்ணாடி அலமாரியில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற தட்டில் நின்றன. அவற்றின் பக்கங்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. ஏழாவதில் மட்டும் நாலைந்து பக்கம் பிரிந்திருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆனி மாதக் கடைசி. முந்தின வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. இந்த வருஷம் செங்கோட்டைப் பக்கமிருந்து வர வேண்டிய சாரலையும் காணோம். பாதி நாள் கரண்ட் இல்லாமல் தெருவில் விசைத்தறிகள் வாயை மூடிக் கிடந்தன. இதற்கெல்லாம் சங்கரன்கோவிலில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கோமதிநாயகம் வைத்திருந்த காரணம் ஏழாவது தொகுதியில் இருந்தது. பூமியின் வெயிலையும் மழையையும் நடத்துவது கடலும் பனியும்தான் என்று அதில் போட்டிருந்தது. படித்த நாள் முதல், அதைத் தாமே கண்டுபிடித்தது போல் அவருக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அவர் நகர அறிவு வளர்ச்சிக் கழகத்தின் தலைவர். நோட்டீஸில் பெயருக்கு முன்னால் 'அறிவுச் சுடர்' என்று போட்டுக்கொள்வார். பட்டம் வழங்கியது கழகம்தான். தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவருடைய மைத்துனர், வழிமொழிந்தவர் குருசாமி.

"யார்வே இங்கன ஆபரேட்டர்?" என்றார்.

இசக்கிப்பாண்டி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பத்தொன்பது வருஷமாக அந்தக் கம்பெனியில் ஐஸ் எடுக்கிறவன். தகரக் கேன்களில் தண்ணீர் நிரப்பி, உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உறைந்ததும் தூக்கி, பக்கத்துச் சாதாத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்தால் ஐஸ் பார் கேனை விட்டு வழுக்கிக்கொண்டு வரும். இந்த வேலையில் அவனுக்குத் தெரியாதது கொஞ்சம். பேசத் தெரியாததுதான் நிறைய.

"நான்தான் அண்ணாச்சி."

"வார ஞாயித்துக்கிழமை கழகத்துல என் பேருரை. 'கடலும் பனியும் புவியின் தட்பவெப்பமும்'. பாளையங்கோட்டையில இருந்து புவியியல் பேராசிரியை வாராங்க. ஒரு மாடல் வைக்கேன். ஆறடித் தகரத் தொட்டி. அதுல நீலச் சாயம் கலந்த தண்ணி. அதான் சமுத்திரம். கரையில அட்டையில செஞ்ச நம்ம ஊரு. கோபுரம், பஸ் ஸ்டாண்டு, அதுக்கு இடையில நம்ம கடை. நடுக் கடல்ல ரெண்டு பார் ஐஸ் மிதக்கும். அதான் தென் துருவம். ஐஸ் கரையக் கரையக் கடல் ஏறும். கோபுரத்தடியில போட்டிருக்க சிவப்புக் கோட்டைத் தொட்டதும் லாரி ஹாரன் அடிக்கும். மைக் செட் மைதீன் பாட்சா வயர் எல்லாம் மாட்டிட்டான். கரண்ட் போனாலும் கவலையில்ல, லாரி பேட்டரி."

இசக்கிப்பாண்டி தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, மிதக்குற ஐஸ் கரைஞ்சா தண்ணி ஏறாதே."

கோமதிநாயகம் குருசாமியைப் பார்த்தார். குருசாமி புத்தகத்தைப் பார்த்தார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இந்தா, இந்தச் சாதாத் தண்ணித் தொட்டி விளிம்பு வரைக்கும் நெறைஞ்சு கெடக்கு. இதுல பார் மிதக்கும். கரண்ட் கட்டாயி எடுக்க மறந்து, முழுசும் கரைஞ்சுபோன நாளெல்லாம் உண்டு. ஒரு சொட்டு வழிஞ்சதில்ல. மிதக்கும்போது எவ்வளவு எடத்தை அடைச்சுக்கிட்டு கெடக்கோ, கரைஞ்ச பெறவும் அவ்வளவு எடம்தான் அதுக்கு வேணும்."

"வே, அது கெணத்துத் தண்ணி. நான் சொல்லுதது சமுத்திரம்."

"ஒங்க தொட்டிலயும் கெணத்துத் தண்ணிதான அண்ணாச்சி ஊத்துவீங்க."

கோமதிநாயகம் வேட்டியை இறக்கிவிட்டார், ஓரம் ஈரத்தில் பட்டது, மறுபடி தூக்கினார். பிறகு நேராக முதலாளி துரைப்பாண்டியின் அறைக்குள் போனார். கதவு சாத்தவில்லை. பேசியது எல்லாம் வெளியே கேட்டது.

"துரைப்பாண்டி, ஆடித் தபசுத் திருவிழாவுக்குப் பந்தல் கமிட்டித் தலைவர் யாரு?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"பத்து நாளும் மோர்ப் பந்தலுக்கு ஒங்க ஐஸ்தான வருது. ஞாயித்துக்கிழமை ஹாரன் அடிக்கலேன்னு வைங்க, ஐஸ் சரியில்லன்னு மேடையிலேயே சொல்லிருவேன். சரியில்லாத ஐஸை சனங்க குடிக்கிற மோர்ல நான் எப்படிப் போடுவேன்?"

அவர் போன பிறகு துரைப்பாண்டி வெளியே வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவருடைய நல்ல தன்மைக்கு ஆடித் தபசுப் பத்து நாளும் விடுமுறை.

"இசக்கி, ஐஸ் எடுக்கிறவனுக்கு என்னத்துக்கு விஞ்ஞானம்?"

"விஞ்ஞானம் இல்ல மொதலாளி, தொட்டி."

"தொட்டியோ கட்டியோ. ஞாயித்துக்கிழமை ஹாரன் அடிக்கணும். அடிக்கலேன்னா திங்கக்கிழமை நீ வர வேண்டாம்."

அன்று சாயங்காலம் இசக்கிப்பாண்டி வீட்டில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் ஐஸ் துண்டு ஒன்றை மிதக்கவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டான். ஒருவேளை பத்தொன்பது வருஷமும் தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று ஒரு சந்தேகம். ஐஸ் கரைந்தது. செம்பு வழியவில்லை. இன்னொரு துண்டு போட்டான். அதுவும் கரைந்தது.

மனைவி மாரித்தாய் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "செம்புக்குக் காவலா?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னான். வேலை போய்விடும் என்றதும் அவள் கை நின்றது. இந்த வயசில் ராயகிரிக்குப் போய் மாமனார் வீட்டு ஆடுகளை மேய்க்கிற யோசனை அவளுக்கு இல்லை.

"வழியவே வழியாதா? கம்பெனி வாசல்ல வருஷம் பூராச் சாக்கடையா ஓடுதே. அது எந்தத் தண்ணி?"

"அது மேடையில கெடக்குற ஐஸ் கரையுற தண்ணி. மேல இருந்து வடிஞ்சு தொட்டியில விழும், தொட்டி வழியும். அது வேற. தொட்டிக்குள்ள மிதக்குறது..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். மேடையில் கிடக்கிற ஐஸ், தொட்டியில் மிதக்கிற ஐஸ். தண்ணீருக்குள் இருப்பது கரைந்தால் ஒன்றுமில்லை. தண்ணீருக்கு வெளியே, ஏதாவது ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பது கரைந்தால் அத்தனையும் புதுத் தண்ணீர். கோமதிநாயகத்தின் கடலுக்கு நடுவே ஒரு மேடை இருந்தால் போதும். கனமாக இருக்க வேண்டும், ஐஸ் ஏற்றினாலும் நகரக் கூடாது, மேலே தட்டையாக இருக்க வேண்டும்.

அவன் பார்வை போன இடத்தை மாரித்தாயும் பார்த்தாள்.

"அம்மி மேல கை வச்சீருன்னா தெரியும்."

"ஏட்டி, ஒரு நாள்தான்."

"திங்கக்கிழமை எந்தங்கச்சியைப் பொண்ணு பாக்க வாராக. கரிவலம்வந்தநல்லூர்ல இருந்து எட்டுப் பேரு. சட்னி எதுல அரைப்பேன், ஒம்ம ஐஸ்லயா?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வந்துரும்."

"வரலேன்னா நானே வருவேன்" என்றாள். அவள் சொன்னால் வருவாள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழகக் கட்டிடத்தில் ஆள் சேரும் முன்பே இசக்கிப்பாண்டி கைவண்டியோடு போய்விட்டான். தொட்டிக்குள் எட்டுச் செங்கலை அடுக்கி, அதன் மேல் அம்மியை வைத்தான். அம்மி முதுகு தண்ணீருக்கு மேல் நாலு விரல் உயரத்தில் நின்றது. இரண்டு பாரையும் உடைத்துப் பாறை பாறையாக அதன் மேல் குவித்தான். ஓரத்தில் சின்னத் துண்டுகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டதில் அம்மி மறைந்தது. பார்க்கிறதற்குப் பனிமலை போலத்தான் இருந்தது.

கோமதிநாயகம் பட்டு வேட்டியில் வந்து குனிந்து பார்த்தார்.

"மிதக்குதா வே?"

"மிதக்குது அண்ணாச்சி." ஓரத்துத் துண்டுகளைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

கோமதிநாயகம் தம் கையாலேயே தண்ணீரை ஊற்றிச் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே கொண்டுவந்து நிறுத்தினார். தம்முடைய பேச்சு இரண்டு மணி நேரம் என்றும், ஹாரன் கடைசி வரிக்குச் சரியாக அடிக்க வேண்டும் என்றும் மைதீன் பாட்சாவிடம் சொன்னார்.

"அது ஐஸ்கிட்டதான் அண்ணாச்சி சொல்லணும்" என்றார் மைதீன் பாட்சா.

இசக்கிப்பாண்டியும் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அந்த வெயிலுக்கு அந்தக் குவியல் எப்படியும் இரண்டு மணி நேரத்தில் கோட்டைத் தொட்டுவிடும். ஆனால் கடைசி நேரத்தில் கோமதிநாயகத்துக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு பெரிய ஸ்டாண்டு பேன்களைக் கொண்டுவந்து தொட்டிக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார். காற்று ஐஸ் மேல் பட்டுக் குளிர்ந்து மேடையில் இருக்கிற பெரிய மனிதர்கள் மேல் வீச வேண்டும். "துருவக் காற்று" என்று அதற்குப் பெயரும் வைத்தார். அன்றைக்கென்று கரண்டும் போகவில்லை. ஐஸ் மேல் சூடான காற்றை விடாமல் அடித்தால் என்ன ஆகும் என்பது உமி போட்டு மூடிவைக்கிற எவனுக்கும் தெரியும். இசக்கிப்பாண்டி வாயைத் திறந்தான். தூண் ஓரத்தில் நின்ற முதலாளி கண்ணைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டான்.

பேராசிரியை எஸ்தர் ஞானமணி மூன்று மணி பஸ்ஸில் வந்தார். ஒல்லியான அம்மாள், கையில் ஒரு துணிப்பை, கனத்த கண்ணாடி. மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தம்மைச் சுற்றி வீசிய துருவக் காற்றுக்காகச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

வரவேற்பு, வாழ்த்து, தலைவரைப் பற்றித் தலைவரின் மைத்துனர் பேசிய பத்து நிமிஷம். பிறகு தலைவர் எழுந்தார்.

"உலகத்தின் அத்தனை பனியும் வெள்ளை. வெள்ளை வேட்டி கட்டினவனுக்கு வெயில் உறைக்காது. பூமி கட்டியிருக்கும் வெள்ளை வேட்டிதான் பனி. வந்த வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கடல் அப்படியில்லை. அது வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. சீக்கிரம் சூடாகாது, சூடானால் சீக்கிரம் ஆறாது."

இது சரிதான் என்று பின்வரிசையில் நின்ற இசக்கிப்பாண்டிக்குப் பட்டது. கம்பெனியில் கரண்ட் போய் ஆறு மணி நேரம் ஆனாலும் உப்புத் தண்ணீர்த் தொட்டி குளிரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். கேன் ஒன்றும் கெடாது. வெளியே வைத்த பார் அதற்குள் பாதியாகிவிடும். அண்ணாச்சிக்கும் கொஞ்சம் தெரிந்துதான் இருக்கிறது என்று அவன் நினைக்கும்போதே, அண்ணாச்சி அடுத்த வரிக்கு வந்துவிட்டார்.

"தென் துருவம் என்பது என்ன? வெறும் மிதக்கும் பனி. அதற்கு அடியில் கல் இல்லை, மண் இல்லை, கையளவு நிலமும் இல்லை. இதை நான் ஆதாரத்தோடு சொல்லுகிறேன்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தலைவர் பேசத் தொடங்கி முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும். அவர் பேச்சில் கடல் இன்னும் கன்னியாகுமரியை விட்டு வடக்கே கிளம்பவில்லை. அப்போது ஹாரன் அடித்தது.

மலைப்பாதையில் லோடு ஏற்றி வருகிற லாரிக்கு மாட்டுகிற ஹாரன் அது. நாற்பதுக்கு இருபதடி ஹாலில் அடித்தால் எப்படி இருக்கும் என்று மைதீன் பாட்சா யோசித்திருக்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் ரோட்டில் நிற்பதாக நினைத்து ஒதுங்கினார்கள். கோமதிநாயகம் கையை உயர்த்தி, "கடல் வந்துவிட்டது" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. ஹாரன் நிற்கவும் இல்லை. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அது நிற்கும். ஐஸோ கரைந்துகொண்டே இருந்தது.

"பேட்டரி எங்கவே?" என்று கத்தினார் கோமதிநாயகம்.

"மேடைக்கு அடியில அண்ணாச்சி. மேல மேஜை, பேராசிரியை அம்மா, நீங்க எல்லாரும் இருக்கீங்க."

மேடையில் இருந்தவர்களை இறக்கி, மேஜையை நகர்த்தி, பலகையைத் தூக்கி மைதீன் பாட்சா வயரைப் பிடுங்குவதற்குள், அட்டை பஸ் ஸ்டாண்டு நீலத்தில் ஊறிச் சாய்ந்துவிட்டது. நூல் கடையும் கூடவே சாய்ந்தது. கோபுரம் மட்டும் நின்றது, அதைத் தகரத்தில் செய்திருந்தார்கள்.

பேராசிரியை இதற்குள் தொட்டி ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பனிமலை ஒரு பக்கம் கரைந்து, உள்ளே கருப்பாக ஒன்று தெரிந்தது. கோமதிநாயகமும் வந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கை இசக்கிப்பாண்டி தூரத்திலிருந்து பார்த்தான். திங்கட்கிழமை அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்க" என்றார் பேராசிரியை.

"எதைச் சொல்லுதீங்க?"

"அடியில கல்லு வச்சீங்களே, அதை. முக்கால்வாசிப் பேரு தண்ணியில ஐஸை மிதக்கவிட்டுட்டு, கடல் ஏறும் ஏறும்னு உக்காந்திருப்பாங்க. ஏறாது. வடதுருவம் அப்படித்தான், கடல் மேல மிதக்குற ஐஸ். தென்துருவத்துல பெரும்பகுதி ஒரு கண்டத்து மேல உக்காந்திருக்கு. போன வருஷம் நம்ம நாட்டு ஆளுங்க போய் இறங்கினாங்கல்ல, பேப்பர்ல பாறை படம்கூட வந்துதே. கிரீன்லாந்தும் அப்படித்தான். அந்த ஐஸ் கரைஞ்சா கடல் ஏறும்."

கோமதிநாயகம் ஒரு நிமிஷம்தான் தடுமாறினார்.

"பல நாள் ஆராய்ச்சிம்மா" என்றார்.

"ஆனா பேச்சுல கையளவு நிலமும் இல்லைன்னு சொன்னீங்களே?"

"அது, சபையைச் சோதிச்சுப் பாத்தேன். ஒருத்தனாவது எந்திரிச்சுக் கேக்கானான்னு."

சபை தலையைக் குனிந்துகொண்டது. குருசாமி மட்டும் கை தட்டினார். அந்த நேரத்தில்தான் வாசலில் மாரித்தாயின் குரல் கேட்டது.

"என்னங்க, எங்க அம்மி எங்க?"

நேராக உள்ளே வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். நீலக் கடலுக்கு நடுவே தன் அம்மி நிற்பதைப் பார்த்தாள். தலைவர், பேராசிரியை, சபை யாரும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"சாயத்துல போட்டு வச்சிருக்கீகளே. நாளைக்கு எட்டுப் பேருக்கு நான் நீலச் சட்னியா வைப்பேன்?"

"இது ஒங்க அம்மியா?" என்றார் பேராசிரியை.

"எங்க அம்மா குடுத்ததும்மா. ஐஸை மிதக்கவிட்டா ஹாரன் அடிக்காது, அடிக்கலேன்னா வேலை போயிரும்னு இவுகதான் தூக்கிட்டு வந்தாக."

பேராசிரியை அவள் காட்டிய பக்கம் திரும்பினார். இசக்கிப்பாண்டிக்குத் தூணுக்குப் பின்னால் போக வழியில்லை, அங்கே முதலாளி நின்றார்.

"இங்க வாங்க. கல்லு வைக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

"தொட்டி ஐஸ் வேற, மேடை ஐஸ் வேறம்மா" என்றான். பேராசிரியை அத்தோடு விடவில்லை. கம்பெனியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவனும் சொன்னான். தண்ணீரில் கரிப்பு இருந்தால் ஐஸ் உறையும்போது அதை வெளியே தள்ளித் தள்ளி நடுவில் சேர்த்துவிடும், விளிம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், நடுத்தண்டு வெளுத்துக் கரிக்கும் என்றான்.

பேராசிரியை துணிப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "துருவக் கடலும் உறையும்போது இதைத்தான் செய்யுது. தள்ளின உப்பு கடல்லயே கலந்து தண்ணி கனத்துப் போய் அடிக்கு இறங்கும். இறங்கின தண்ணி அடியோட அடியா உலகம் பூரா நகருது. இதை வகுப்புல புரியவைக்க நான் என்ன பாடு படுதேன்." அவன் சொன்னதை எழுதிக்கொண்டார்.

பேராசிரியை மைக்குக்கு வந்ததும் ஒருத்தர் மழையைப் பற்றிக் கேட்டார். போன வருஷம் பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகிவிட்டதாகவும், நம் மழை தவறியதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதுகிறார்கள் என்றும், தமக்கு அதற்கு மேல் தெரியாது என்றும் அவர் சொன்னார். அந்த ஹாலில் ஒருத்தர் மைக்கில் தெரியாது என்று சொன்னது அதுவே முதல் தடவை. மைதீன் பாட்சா மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் கோமதிநாயகம் துரைப்பாண்டியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். இசக்கிப்பாண்டி கைவண்டியில் அம்மியை ஏற்றிக்கொண்டே காதை அங்கே வைத்தான்.

"இவனை நாளைக்கே நிறுத்தும்."

"ஹாரன் அடிக்கலேன்னாத்தான் நிறுத்துதேன்னு சொல்லியிருந்தேன் அண்ணாச்சி. அடிச்சிட்டுதே. ஊரே கேட்டுது."

"அவன் பண்ணுன வேலைக்கு..."

"நிறுத்துனா ஏன் நிறுத்துனேன்னு கேப்பாக. அடியில கல்லு வச்சான்னு சொல்லணும். கல்லு ஒங்க ஆராய்ச்சின்னு நீங்க சபைக்கு முன்னால சொல்லிட்டீக."

கோமதிநாயகம் தம் வேட்டியைப் பார்த்தார். பட்டு, ஒரு பக்கம் பூரா நீலம்.

திங்கட்கிழமை காலையில் இசக்கிப்பாண்டி வழக்கம் போல் கேன்களில் தண்ணீர் நிரப்பினான். கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள் எட்டுப் பேரும் வந்து, வெள்ளைச் சட்னியில் எங்கோ ஒரு நீல நிழல் ஓடுவதைப் பார்த்தும் பார்க்காமல் சாப்பிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆடித் தபசுக்கு மோர்ப் பந்தலுக்கு ஐஸ் போனது. அடுத்த மாதம் கழகம் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. அட்டையில் தலைவரின் படம், உள்ளே தென்துருவத்துக்கு அடியில் நிலம் இருப்பதைத் தாம் தொட்டி வைத்து நிறுவிய வரலாறு. பேராசிரியைக்கு ஒரு பிரதி போனது. அவர் இசக்கிப்பாண்டிக்கு ஒரு கார்டு போட்டார், கரிப்பு நடுத்தண்டு உள்ள பார் ஒன்று கல்லூரிக்கு வேண்டும் என்று.

சோதனை பெயர் வாங்கிவிட்டது. புளியங்குடியில் ஒரு சங்கம் அதைத் தங்களுக்கும் செய்துகாட்ட வேண்டுமென்று கோமதிநாயகத்தை அழைத்தது. குருசாமி சீட்டோடு ஐஸ் கம்பெனிக்கு வந்தார். இசக்கிப்பாண்டி வாங்கிப் படித்தான். ஐஸ் இரண்டு பார், அம்மியுடன், என்று எழுதியிருந்தது.

"ஏன், அண்ணாச்சி வீட்டுல அம்மி இல்லையா?"

"மிக்ஸி வந்த அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சு" என்றார் குருசாமி.

மாரித்தாயிடம் கேட்டுச் சொல்லுகிறேன் என்றான் இசக்கிப்பாண்டி. அன்று சாயங்காலம் கேட்டான். ஐஸை அவரு வீட்டு மிக்ஸி மேல வச்சே கரைக்கச் சொல்லும் என்றாள் அவள்.